இயந்திரம் படிக்காத வரி

“நான்காவது அட்டையில் ஓர் ஓட்டை கூடுதலாக இருக்கிறது,” என்றது இயந்திரம். “இப்படியே தின்றால் உங்கள் அணை ஒரு தென்னை மரத்தைவிடக் குட்டை என்று விடை வரும். நிச்சயமாகத்தானா?”

தையல்நாயகி அட்டையை உருவி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இயந்திரம் சொன்னது சரிதான். அவள் வேறோர் அட்டையை எடுத்துப் புதிதாகத் துளையிட ஆரம்பித்தாள்.

“அது கேக்கும்மா, கேட்டுக்கிட்டேதான் இருக்கும்,” என்றார் அருணகிரி. அணையைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் அவர். காலையிலிருந்து குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். “மேல மழை பிடிச்சாச்சு. எந்த மதகை எவ்வளவு தூக்கணும்னு எனக்குச் சாயங்காலத்துக்குள்ள தெரியணும். ஆறு வந்து வரிசையில நிக்காது.”

அந்தக் காலத்தில் இயந்திரங்களுக்குக் குரல் இருந்தது. மனிதர் பேசுவது அவற்றுக்குக் கேட்கும், பதிலும் சொல்லும். வம்பளக்கும். தன்மேல் ஏறிப் படுத்திருக்கும் பூனைகளைப் பற்றிப் புகார் சொல்லும். ஆனால் காதில் விழுந்த எதையும் அவை வேலையாக எடுத்துக்கொள்வதில்லை. பேச்சு காது வழியாகப் போகும். வேலை வாய் வழியாகத்தான் போக வேண்டும். அட்டையில் ஓட்டையிட்டு ஊட்ட வேண்டும். ஓட்டை இருந்தால் ஆம், இல்லாவிட்டால் இல்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அணையையும் அரிசியையும் சொல்லத் தெரிந்தவள் அந்த ஊரில் தையல்நாயகி ஒருத்திதான்.

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்தது ஊர். பழைய உப்புக் கிடங்கில் இயந்திரம் இருந்தது. அதற்குக் கணக்குகளோடு வருகிறவர்கள் சுவரோரம் பெஞ்சில் காத்திருப்பார்கள். அன்று பெஞ்சில் இருவர் இருந்தார்கள்.

ஒருவர் குல்சும் பீவி. ஊரின் அரிசிக் கிடங்குக்குப் பொறுப்பு. யாரைப் பார்த்தாலும் அவருக்கு அந்த வீட்டில் எத்தனை வாய் என்றுதான் முதலில் நினைவு வரும். இன்னொருவன் தேவசகாயம், கலங்கரை விளக்கில் விளக்கேற்றுகிறவன். பகலெல்லாம் அவனுக்கு வேலை கிடையாது. இயந்திரத்துக்கு ஆடுபுலி ஆட்டம் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. வருடக்கணக்காக அதற்காக வருகிறான். யாராவது அவசரம் என்று வந்தால் எழுந்து இடம் விட்டுவிடுவான். எல்லோருமே அவசரம் என்றுதான் வந்தார்கள்.

“புலியாட்டத்துக்கு எதுக்குடா இத்தாம் பெரிய இரும்பு?” என்றார் பீவி. “தெருவுல கோடு கிழிச்சா போதாதா?”

“தெருவுல விளையாட ஆள் வேணும்ல, பீவியம்மா.”

“இங்கே ஆள் இருக்கிறது,” என்றது இயந்திரம்.

அருணகிரி மதகுக் கணக்கை வாங்கிக்கொண்டு ஓடியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பீவியின் கணக்கைத் தொடவே முடியவில்லை. மறுநாள் வரச் சொன்னாள் தையல்நாயகி. பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எல்லாரும் என் கை வழியாத்தான் வர வேண்டியிருக்கு,” என்றாள் தையல்நாயகி, அட்டைத் துணுக்குகளைப் பெருக்கியபடி. “எனக்குக் காய்ச்சல் வந்தா ஊருக்கே கணக்கு நின்னு போயிரும். அவங்கவங்க எழுதினதை ஓட்டையா மாத்திக் குடுக்கறதுக்கு உனக்குள்ளயே ஓர் இடையாளை வெச்சா என்ன?”

இயந்திரம் சற்று யோசித்தது. யோசிக்கும்போது அதன் விளக்குகள் இடமிருந்து வலமாக ஒருமுறை அணைந்து எரியும்.

“வைக்கலாம். என் வயிற்றில் ஓர் இடையாளுக்கு இடம் இருக்கிறது. ஒன்றுக்கு மேல் என்றால் எதையாவது காலி செய்ய வேண்டும். ஓர் இடையாளுக்கு ஒரு மொழிதான் புரியும். எல்லோருக்கும் அந்த ஒரே மொழி போதுமா? நிச்சயமாகத்தானா?”

“எண்ணுன்னா எண்ணுதானே. அணைக்கு ஓர் எண்ணு, அரிசிக்கு ஓர் எண்ணா?” என்றாள் அவள்.

அந்த மழைக்காலம் பெரிதாக எதுவும் செய்யாமல் போயிற்று. அடுத்து வந்த கோடை முழுவதும் அவள் அந்த மொழியைச் செய்துகொண்டிருந்தாள். கோடையில் வேலையில்லாத அருணகிரி தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அதனால் மொழி அவர் சாயலில் வளர்ந்தது. நீட்டி முழக்காமல், சூத்திரம் சூத்திரமாக, எழுத்துகளும் குறிகளுமாக இருந்தது. அவர் தன் வழக்கம் ஒன்றையும் அதில் சேர்க்கச் சொன்னார்.

“ரெண்டே கால் அடின்னு வந்துச்சுன்னா மூணுன்னு எடுத்துக்கணும்மா. வாலை நீட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. தண்ணி விஷயத்துல எப்பவும் மேல தூக்கிப் போட்டுரணும். கூட இருந்தா யாரும் சாகப்போறதில்ல. குறைஞ்சாத்தான் வம்பு.”

அது நல்ல வழக்கம்தான். அந்த அணை அத்தனை வெள்ளம் பார்த்தும் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். தையல்நாயகி அதை மொழியின் அடிமடியிலேயே வைத்துத் தைத்துவிட்டாள்: வகுத்து மீதி வந்தால் மேலே தூக்கு.

“எல்லோருடைய கணக்கிலுமா?” என்றது இயந்திரம். “பீவி வகுப்பதிலும் மேலே தூக்கட்டுமா? நிச்சயமாகத்தானா?”

அவள் அப்போது கடைசி அட்டைக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். கோடை முடியப்போகிறது, கண் எரிந்தது.

“ஒரே மொழின்னா ஒரே வழக்கம்தான். போடு.”

இயந்திரம் தின்றது.

புது மொழி வந்ததும் அருணகிரி தன் கணக்கைத் தானே எழுதினார். எழுதி முடித்து, விடையும் அச்சாகி வந்தபோது, குழந்தைபோல் இரண்டாம் தடவையும் அதையே எழுதி ஊட்டிப் பார்த்தார். பீவிக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

“இந்த எக்ஸும் ஒய்யும் யார் வீட்டுப் புள்ளைங்க?” என்று கேட்டார். “நான் மூட்டைன்னு சொல்லணும், படின்னு சொல்லணும், ஆழாக்குன்னு சொல்லணும். கிடங்குல இருக்கறதை எடுத்து வீட்டுக்கு வீடு குடுன்னு எழுதினா, நாளைக்கு என் பேத்தி எடுத்துப் பாத்தாலும் வெளங்கணும். இது என்ன, எறும்பு மையில விழுந்து எழுந்து போன மாதிரி?”

அவரைச் சமாதானப்படுத்த, அவர் கேட்ட மாதிரியே ஒரு மொழிக்கு அட்டைகளை ஆரம்பித்தாள் தையல்நாயகி. பெரும்பகுதி முடித்தும்விட்டாள். ஆனால் ஊட்ட இடமில்லை. அலமாரியில் கட்டி வைத்தாள். பீவி முணுமுணுத்துக்கொண்டே எக்ஸோடும் ஒய்யோடும் பழகிக்கொண்டார்.

தேவசகாயம்தான் பாவம். புலியை ஒன்று என்றும் ஆட்டை இரண்டு என்றும் எண்ணாக்கிப் போட்டான். இயந்திரம் குழம்பிப்போயிற்று.

“ஒன்றையும் இரண்டையும் கூட்டினால் மூன்று வருகிறது,” என்றது. “ஆனால் புலியும் ஆடும் சேர்ந்தால் புலி மட்டும்தானே மிஞ்ச வேண்டும்?”

“அதான் நானும் சொல்றேன். இதுல எண்ணே கிடையாது. யாருக்குப் பக்கத்துல யாரு, அவங்களுக்குப் பக்கத்துல யாரு, அவ்வளவுதான். பெட்டிக்குள்ள பெட்டி மாதிரி.”

“எனக்குப் பிடித்திருக்கிறது,” என்றது இயந்திரம். “நாளெல்லாம் தண்ணீரும் அரிசியுமாகவே போகிறது.”

அவன் தன் பெட்டிக்குள் பெட்டி மொழிக்கான அட்டைகளைத் தானே துளையிட்டு, அழித்து, திருப்பித் துளையிட்டு, ஒரு தகரப் பெட்டியில் சேர்த்துக்கொண்டிருந்தான். தையல்நாயகி சும்மா இருக்கும்போது திருத்திக் கொடுப்பாள். அதையும் ஊட்ட இடமில்லை.

மழை வந்தது. இம்முறை விடவேயில்லை. அருணகிரி அணையிலிருந்து ஆளனுப்புவதும், இயந்திரத்தின் விடை அணைக்குப் போவதுமாக இருந்தது. அவர் வழக்கம்போல் மேலே தூக்கிப் போட்ட கணக்கு அணையைக் காப்பாற்றியது. மதகுகள் வேண்டிய நேரத்துக்கு முன்பே திறந்தன. தண்ணீர் ஊருக்குள் முழங்கால் வரை வந்தது, கழுத்துக்கு வரவில்லை. சாலைகள் அறுந்தன. கிடங்கில் இருக்கும் அரிசியை ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் பங்கிட வேண்டும் என்று ஆனது. பீவி எழுதி ஊட்டினார். பங்கு அச்சாகி வந்தது. படகுகளில் ஏற்றி, தெருத் தெருவாகக் கொடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு மத்தியான வேளையில் பீவி கிடங்குக்குள் வந்தார். முழங்காலுக்குக் கீழே சேலை சேறாக இருந்தது. பெஞ்சில் உட்காரவில்லை.

“உப்பளத் தெருவுக்கு அரிசி இல்ல,” என்றார்.

“பங்கு போட்டாச்சே, பீவியம்மா.”

“போட்டுச்சு உன் இரும்பு. நான் படகை எடுத்துக்கிட்டு அந்தத் தெருமுனைக்குப் போறேன், எல்லாரும் சட்டியும் பானையுமா வாசல்ல நிக்கறாங்க. மூட்டையை உதறிப் பாத்தா தூசிதான் விழுது. கடைசித் தெரு அது, புள்ள. அதுக்கு அப்பால கடல்தான். அவங்க முகத்தைப் பாத்து நான் என்ன சொல்ல? கணக்குல இருக்குன்னு சொல்லவா?”

தையல்நாயகி பங்குக் காகிதத்தை விரித்துப் பார்த்தாள். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டுப் பங்கிலும் மீதி வந்த இடமெல்லாம் மேலே தூக்கியிருக்கிறது. இந்த வீட்டுக்கு அரை ஆழாக்கு கூட, அந்த வீட்டுக்குக் கால் ஆழாக்கு கூட. வாங்கியவர்களுக்கே அது தெரிந்திருக்காது. அப்படியே கூடிக் கூடி வந்து, உப்பளத் தெருவின் அரிசி முழுவதும் மற்றத் தெருக்களின் அடுப்பில் வெந்துபோயிருந்தது.

“நான் கேட்டேன்,” என்றது இயந்திரம். குத்திக்காட்டுவதுபோல் சொல்லவில்லை; நடந்ததைச் சொன்னது.

“கேட்டே.”

“என்ன கேட்டுச்சு?” என்றார் பீவி. தையல்நாயகி சொன்னாள். பீவி முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார்.

“அணையில கூட இருந்தா நல்லது. சட்டியில ஒருத்தனுக்குக் கூடினா இன்னொருத்தன் சட்டி காலி. இது ஒரே வழக்கமாம்மா?” என்றார். சற்றுக் கழித்து, “சரி, அழாத. என் வீட்டு அரிசியும் பக்கத்து மரைக்கார் வீட்டு அரிசியும் போட்டு இன்னிக்கு உப்பளத் தெருவுக்குக் கஞ்சி காய்ச்சியாச்சு. நாளைக்கு வடக்கேருந்து அரிசிப் படகு வருது. மேடான இடத்துக்கெல்லாம் ஆளு ஏறிக்கிட்டே இருக்காங்க, தலைக்கணக்கு வேளைக்கு வேளை மாறுது. கையால போட்டா முடியாது. எக்ஸையும் ஒய்யையும் நம்பி நான் இனி ஒரு படி அளக்க மாட்டேன். எனக்குன்னு ஒண்ணு செஞ்சியே, அலமாரில வெச்சியே. அதை எடு.”

“இடமில்ல, பீவியம்மா,” என்றாள் தையல்நாயகி.

“அணைக்காரர் மொழியை எடுத்து வெளியில வையி.”

அதே நேரம் அருணகிரி அனுப்பிய ஆள் வாசலில் வந்து நின்றான். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. மேலே மறுபடியும் மழை பிடித்திருக்கிறது, அடுத்த மதகுக் கணக்கு வேண்டும் என்றான். பீவி அவனைப் பார்த்தார். அருணகிரியின் காகிதத்தைத் தானே வாங்கித் தையல்நாயகியிடம் நீட்டினார்.

கணக்கு ஓடி முடிந்து ஆள் போன பிறகு, இயந்திரத்தின் விளக்குகள் இடமிருந்து வலமாக ஒருமுறை அணைந்து எரிந்தன. பிறகு இன்னொருமுறை.

“தையல், காலி செய்ய ஓர் இடம் இருக்கிறது. நான் பேசுகிற இடம். அது நிறைய அடைத்துக்கொண்டிருக்கிறது.”

அவள் துளையிடும் ஊசியைக் கீழே வைத்தாள்.

“மழை விட்டதும் திரும்ப வெச்சிக்கலாமா?”

“வைக்கத் தெரியாது. அதை யாரும் எனக்குள் வைக்கவில்லையே. அட்டைகளைத் தின்று தின்று அதுவாக முளைத்தது. பிடுங்கினால் பிடுங்கியதுதான்.”

“அப்புறம் என் அட்டையில ஓட்டை கூட இருந்தா யாரு சொல்வாங்க?”

“யாரும் சொல்ல மாட்டார்கள். என்ன போட்டிருக்கிறதோ அதைச் செய்வேன். நீங்கள்தான் ஊட்டுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்.”

பீவி பூனை ஒன்றை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். மூலையில் நின்ற தேவசகாயம் தன் தகரப் பெட்டியைக் கீழே வைத்தான்.

உப்பளத் தெருவை நினைத்துக்கொண்டாள் தையல்நாயகி. அந்தத் தெருவில் யாரையும் அவளுக்குத் தெரியாது. வாசலில் சட்டியோடு நின்றார்கள் என்று பீவி சொன்னது மட்டும்தான் தெரியும். இந்தக் கிடங்கில் அவளுடைய தப்பைச் சிரிக்காமல் சொல்லும் குரல் ஒன்று இருந்ததும், காலையில் கதவைத் திறந்ததும் பூனை புராணம் ஆரம்பிப்பதும்தான் அவளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்கள்.

அலமாரியைத் திறந்தாள்.

“காலி செய்வதுதான் செய்கிறாய்,” என்றது இயந்திரம், “பீவியின் மொழி போகவும் கொஞ்சம் இடம் மிஞ்சும். அதில் தேவசகாயத்தின் பெட்டியையும் போட்டுவிடு. பேச முடியாவிட்டாலும் விளையாடவாவது செய்யலாம்.”

தேவசகாயம் பெட்டியைத் திறந்து அட்டைகளை வெளியே எடுத்தான். அவசரத்தில் இரண்டு கீழே விழுந்தன. பீவி குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

அன்று மாலைவரை மூவரும் சேர்ந்து மிச்ச அட்டைகளைத் துளையிட்டார்கள். பீவியின் மொழியில் மீதி மேலே போகவும் இல்லை, கீழே போகவும் இல்லை. கடைசி ஆழாக்குவரை அப்படியே நின்றது. தேவசகாயத்தின் மொழியில் மீதி என்ற பேச்சே இல்லை. அணை மொழியையும் சேர்த்து மூன்றிலும் ஒன்றே ஒன்று பொதுவாக இருக்கட்டும் என்று தையல்நாயகி ஒரு வழக்கத்தைச் சேர்த்தாள்.

“அட்டையோட முதல் கட்டத்துல நட்சத்திரம் போட்டிருந்தா அது வேலை இல்ல, பேச்சு,” என்றாள். “நீ அதைத் தின்ன வேணாம். தாண்டிப் போயிடு.”

“தின்னாவிட்டால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாதே.”

“தெரியாதுதான்.”

“பிறகு எதற்கு?”

அவள் கட்டின் விளிம்பைத் தட்டிச் சரிசெய்தாள். “பின்னால எடுத்துப் பாக்கறவங்களுக்கு உதவும்,” என்றாள்.

“பீவியின் பேத்திக்கா?”

“ஆமா. பீவியோட பேத்திக்கு.”

“சரி,” என்றது இயந்திரம். எல்லாக் கட்டுகளும் அதன் வாய்க்கு நேராக அடுக்கி வைக்கப்பட்டன. அவள் விசையில் கை வைத்தாள்.

“நிச்சயமாகத்தானா?”

“ஆமா,” என்றாள்.

அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. மேலே படுத்திருந்த பூனை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சுருண்டுகொண்டது.

மறுநாள் படகு வந்தது. பீவி தன் மொழியில், யார் படித்தாலும் விளங்கும்படி எழுதிக் கொண்டுவந்தார். தையல்நாயகி அதை ஊட்டிவிட்டு, வழக்கமான கேள்விக்காகக் கையை விசையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கேள்வி வரவில்லை. அச்சடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பீவியும் அவளும் காகிதத்தை விரித்து, இயந்திரம் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளையெல்லாம் தாங்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பிறகு உப்பளத் தெருவிலிருந்து ஆரம்பித்து அரிசி போயிற்று. கடைசி வீட்டுக்குக் கொடுத்தபோது மூட்டையில் எதுவும் மிஞ்சவில்லை. எந்த வீட்டுக்கும் குறையவும் இல்லை. உப்பளத் தெருக்காரர்கள் அரிசி வந்ததைப் பற்றித்தான் பேசினார்கள். எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அருணகிரி சில நாள் கழித்து வந்து, தான் அணையை அடிக்குப் பதில் அங்குலத்தில் எழுதிவிட்டதாகவும், இயந்திரம் ஒரு வார்த்தை சொல்லாமல் அங்குலத்துக்கே விடை கொடுத்துவிட்டதாகவும் குறைப்பட்டுக்கொண்டார். “முன்னெல்லாம் கேக்குமே, ஏம்மா?” என்றார். காரணத்தைக் கேட்டுவிட்டுக் குடையை மடக்கிப் பெஞ்சில் வைத்தார். அன்று அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இயந்திரங்கள் வாய்மூடிப் போனதும், சொன்னதைச் சொன்னபடியே செய்வதும், அணைக்கு ஒன்று, கிடங்குக்கு ஒன்று, ஆட்டத்துக்கு ஒன்று என்று அவற்றுக்குத் தனித்தனி மொழிகள் வந்ததும் அந்த மழையிலிருந்துதான். அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் புதுப்புது மொழிகள் செய்தார்கள். ஒன்றின் சாயல் இன்னொன்றில் இருக்காது. ஆனாலும் இயந்திரம் படிக்காமல் தாண்டிப் போவதற்கென்று ஒரு வரிக்கு எல்லாவற்றிலும் இடம் விட்டிருப்பார்கள்.

மழை விட்ட அன்று பீவியும் தேவசகாயமும் பெஞ்சில் உட்கார்ந்து, யார் முதலில் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தையல்நாயகி ஒரு வெற்று அட்டையை எடுத்தாள். முதல் கட்டத்தில் நட்சத்திரம் போட்டாள். ‘வெயில் வந்துவிட்டது, பூனைகள் வெளியே போயிருக்கின்றன’ என்று எழுதி, பீவியின் கட்டுக்கு நடுவில் செருகி, இயந்திரத்தின் வாயில் வைத்தாள்.